கப்பலேறிப் போன சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியசுக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள், அங்கே ரொட்டிக்குள் வடையை வைத்து விற்பதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதில்லை. டர்பனுக்கு வேலையாகப் போனவர்கள், குடைந்த பிரெட்டுக்குள் மட்டன் குழம்பு ஊற்றிய படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். கரீபியன் கிரிக்கெட் பார்க்கும்போது டிரினிடாட் தெருவில் சன்னா விற்பதையும் காட்டுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கதை: 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கதை. அந்தச் சமையலைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

யார் போனார்கள், எதற்காகப் போனார்கள்?

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் ஒழித்தார்கள். விடுதலையானவர்களில் பலர் அந்தக் கரும்புக் காட்டுக்குள் மறுபடி கால்வைக்கத் தயாராக இல்லை. முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், மாதக் கூலி, ரேஷன், தங்க ஒரு லயன் வீடு (வரிசைக் குடியிருப்பு). கல்கத்தா, சென்னை துறைமுகங்களில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆள் ஏற்றின. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் கப்பல்கள் ஏற்றின.

மொரீசியசுக்கு மட்டும் சுமார் நாலரை லட்சம் பேர். கயானாவுக்கு 2.39 லட்சம், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1.52 லட்சம், டிரினிடாடுக்கு 1.44 லட்சம், பிஜிக்கு 60 ஆயிரத்துக்குச் சற்று மேல். ஆளெடுப்பு 1917இல் நின்றது. இலங்கை, மலாயா, பர்மா பக்கம் பெரும்பாலும் ஆள் திரட்டும் கங்காணிகள் மூலமாகப் போனவர்கள் கணக்கு தனி; அது இதைவிடப் பெரியது.

கப்பலில் என்ன சாப்பிட்டார்கள்?

அரிசி, பருப்பு, நெய், உப்பு, மஞ்சள், மிளகாய், புளி, கருவாடு. கல்கத்தாவிலிருந்து ஏறியவர்களில் ரொட்டிக்காரர்களுக்கு மாவு. புயலடித்து அடுப்பு மூட்ட முடியாத நாட்களில் அவலும் கடலையும் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து 1860 அக்டோபர் 12 அன்று கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டாலின் துறைமுகமான டர்பனைத் தொட்டது, ஐந்து வாரம். கல்கத்தாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி டிரினிடாட் போகச் சுமார் மூன்று மாதம் ஆகும்.

ஒரே அண்டாவில் சமைத்ததை எல்லாச் சாதியாரும் சாப்பிட்டார்களா?

சாப்பிட்டார்கள், வேறு வழி இல்லை. எல்லாரும் ஒத்துக்கொள்ளட்டும் என்று ‘மேல்’ சாதியிலிருந்து சமையல்காரர்களைப் பார்த்து எடுப்பது வழக்கம். ஆனாலும் நூற்றுக்கணக்கான பேர் ஒரே தளத்தில், ஒரே பீப்பாய்த் தண்ணீரில், வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு ஊரில் இருந்த பந்தி ஒழுங்கு நிலைக்காது. கப்பலில் உண்டான உறவை வடக்கத்தியர் ‘ஜஹாஜி பாய்’ என்றார்கள், கப்பல் அண்ணன் தம்பி. இறங்கிய பிறகும் அந்த உறவைச் சொந்தம்போலவே வைத்துக்கொண்டார்கள். அதற்காகச் சாதியே ஒழிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கல்யாணத்திலும் கோயில் நிர்வாகத்திலும் அது பல காலம் தலைகாட்டியது. முதலில் விட்டுக்கொடுத்தது சோற்றுப்பானைதான்.

தோட்டத்தில் ஊர்ச் சமையல் செய்ய முடிந்ததா?

பாதிதான். சாப்பாட்டுப் பொருள் கடையில் வாங்குவதல்ல, முதலாளி அளந்து போடுவது. நேட்டாலில் அரிசிக்குப் பதில் சோளத்தை உடைத்துக் கொடுத்த காலம் உண்டு. அரிசிபோலவே வேகவைத்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். கரீபியனில் அடிமைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த உப்புக்கண்ட மீன் இவர்களுக்கும் வந்தது. கடலைப்பருப்பு கிடைக்காத இடத்தில் மஞ்சள் பட்டாணிப் பருப்பு. கொத்தமல்லித் தழை சரியாக வராத டிரினிடாடில், அதே வாசனையோடு நீளமாக, ஓரம் முள்ளுமுள்ளாக வளரும் உள்ளூர்த் தழை. இன்றைக்கு அந்தத் தழை இல்லாமல் டிரினிடாட் கறியே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 100 ஆணுக்கு 40 பெண் இருந்தால் போதும் என்பது சட்டக் கணக்கு. அதாவது, ஊரில் அடுப்புப் பக்கமே போகாத ஆண்கள் அங்கே தங்களுக்குத் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். நினைவில் இருக்கும் ருசியை வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் சாமானைப் போட்டுச் செய்த சமையல் அது. பல பொடிகள் ஒரே மசாலாத் தூளாகச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்ததும் நிலைமை மாறியது. டர்பனைச் சுற்றிக் கத்தரி, வெண்டை, அவரை, பாகல் விளைந்தன. முருங்கையும் கறிவேப்பிலையும் தீவுகளில் வீட்டுக் கொல்லைக்கு வந்துசேர்ந்தன. கயானாவில் கடலோரச் சதுப்பில் நெல் போட்டார்கள். அந்த நாடு இன்றும் அரிசி ஏற்றுமதி செய்கிறது.

இதெல்லாம் தமிழர் சாப்பாடு என்று சொல்லலாமா?

இல்லை, எங்கே யார் போனார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். டிரினிடாட், கயானா, சூரிநாம் போனவர்களில் பெரும்பாலோர் இன்றைய பீகார், உத்தரப் பிரதேசத்துப் போஜ்புரிக்காரர்கள். அங்கே உள்ள ரொட்டி வகைகளுக்குத் தமிழ் முத்திரை குத்துவது நியாயமில்லை. நேட்டால் போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள், தமிழரும் தெலுங்கரும். பிரெஞ்சுக் காலனிகளான மார்ட்டினிக், குவாதலூப், ரீயூனியன் தீவுகளுக்குப் போனவர்களில் தமிழர்தான் அதிகம். மொரீசியஸ் கலவை. அங்கே ஒப்பந்தக் கூலிக்கு நூறு வருடம் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் போயிருந்தார்கள்.

‘பன்னி சௌ’ என்றால் என்ன?

பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், பன்றிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. டர்பனில் வணிகம் செய்த பனியாக்களின் பெயரிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

வெட்டாத முழு பிரெட் ஒன்றை நாலாக அறுத்து, ஒரு துண்டின் நடுவைக் குடைந்து, உள்ளே குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள். குடைந்தெடுத்த பஞ்சு மேலே மூடியாக உட்காரும். கடையில் ‘குவார்ட்டர் மட்டன்’ என்று கேட்டால் போதும். பக்கத்தில் துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய். கரண்டி, முள் எதுவும் கிடையாது. மேலே இருக்கும் பஞ்சைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து கீழே உடைத்துக்கொண்டு வர வேண்டும். அவசரப்பட்டு அடியில் கைவைத்தால் குழம்பு மடியில். அடிப்பகுதிதான் உண்மையில் நல்ல இடம், ரசமெல்லாம் ஊறி இறங்கியிருக்கும்.

தொடக்கத்தில் உள்ளே போனது பெரும்பாலும் பீன்ஸ் கறி. 1940கள் வாக்கில் டர்பனின் கிரே ஸ்ட்ரீட் பக்கம் உருவானது என்பார்கள். ஏன் உருவானது என்பதற்கு இரண்டு கதை. நிறவெறிச் சட்டங்களால் கறுப்பின மக்கள் ஓட்டலுக்குள் உட்கார முடியாது, அதனால் பின்வாசல் வழியே கையில் கொடுக்கத் தோதாக வந்தது என்பது ஒன்று. தோட்டத்துக்கும் வேலைக்கும் எடுத்துப்போகப் பாத்திரம் தேவைப்படாத சாப்பாடாக வந்தது என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இன்று ஜூலு இளைஞர், வெள்ளைக்கார அலைச்சறுக்கு வீரர், தமிழ்ப் பாட்டி எல்லாருமே அது தங்கள் ஊர்ச் சாப்பாடு என்பார்கள்.

டர்பன் குழம்பு காரம். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மிளகாய்த்தூள் கலவை ஒன்றை ‘மாமியார் ஒழிப்பான்’ என்று ஆங்கிலத்தில் பலகை எழுதிக் குவித்து வைத்திருப்பார்கள். மாமியார் மருமகள் சண்டையும் கப்பலேறிப் போயிருக்கிறது.

டிரினிடாடின் ‘டபுள்ஸ்’?

மஞ்சள் சேர்த்த மைதா மாவைப் புளிக்கவைத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, எண்ணெயில் சில நொடி போட்டெடுத்தால் மெத்தென்று வரும் பாரா. இரண்டு பாராவின் நடுவே கொண்டைக்கடலைக் கறி. மேலே புளிச் சட்னி, வெள்ளரித் துருவல், மிளகாய்ச் சாறு. காகிதத்தில் சுற்றி முறுக்கிக் கொடுப்பதைக் காலையில் வேலைக்குப் போகிறவர் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார். 1930களில் பிரின்சஸ் டவுனில் தீன் என்ற பெயருடைய ஒரு குடும்பம் இதை விற்கத் தொடங்கியது. ஒற்றைப் பாராவில் கடலை வைத்துக் கொடுத்தபோது வாடிக்கையாளர்கள் ‘டபுளாக’ கேட்டதால் இந்தப் பெயர். காரம் எவ்வளவு என்று விற்பவர் கேட்பார். ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள். அதுவே நமக்குப் போதும். அங்கத்திய மிளகாய் குடமிளகாய்க் குட்டிபோல அழகாக இருக்கும், பார்த்து ஏமாறக் கூடாது.

மார்ட்டினிக்கின் ‘கொலம்போ’ நம்முடைய குழம்புதானா?

கொலம்போ என்பது அந்தத் தீவின் மசாலாக் கறி, அதற்குப் போடும் பொடிக்கும் அதே பெயர். அது குழம்பு என்ற சொல்தான் என்பவர்கள் உண்டு. இலங்கைத் தலைநகரின் பெயர் என்பவர்களும் உண்டு. பெயரைவிட அந்தப் பொடியைப் பார்ப்பதுதான் சுவாரசியம். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு, மஞ்சள், கூடவே வறுத்த அரிசி. நம் வீடுகளில் குழம்பு கெட்டிப்பட அரிசியை வறுத்துப் பொடிக்கும் பழக்கம் அப்படியே அங்கே இருக்கிறது. இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் ‘ஒரேலி’ 1853இல் மார்ட்டினிக்கையும், அடுத்த வருடம் குவாதலூப்பையும் அடைந்தது. மாரியம்மனுக்கு ஆடு வெட்டிச் சமைத்த அந்தக் கறி, பக்கத்து வீட்டு ஆப்பிரிக்க வம்சாவளியினரின் அடுப்புக்குப் போய், கோழியாகவும் பன்றியாகவும் மாறி, தைம் இலையும் எலுமிச்சையும் சேர்ந்து, இன்று தீவின் பொதுச் சொத்து. பாரீஸ் சூப்பர் மார்க்கெட்டிலும் கொலம்போ பொடிப் புட்டி கிடைக்கும்.

மொழி மறந்துபோன இடத்திலும் சாப்பாடு எப்படித் தங்கியது?

இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், ‘தாய்மார்கள் விடாமல் காப்பாற்றினார்கள்’ என்பது. அது பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன்: பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதால் தங்கியது. டபுள்ஸை ஆப்பிரிக்க வம்சாவளி டிரினிடாட்காரர் வாங்காமல் இருந்திருந்தால் அது சில குடும்பங்களின் பண்டிகைப் பலகாரமாகச் சுருங்கியிருக்கும். பன்னி சௌவை ஜூலு தொழிலாளி வாங்கினார், கொலம்போவைத் தீவு முழுக்கச் சமைத்தது. மொழியைப் பேசப் பேச்சுத்துணை வேண்டும். பள்ளிக்கூடம் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ நடந்தால் மூன்றாம் தலைமுறையில் அது தடுமாறும். குழம்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ருசித்தவர் எந்த மொழி பேசினாலும் மறுபடி வருவார்.

சரி, இதற்கு மாற்று உதாரணமும் உண்டு. மொரீசியஸ் தமிழர் வீட்டுக் கல்யாணத்திலும் காவடித் திருவிழாவிலும் வாழையிலையில் பரிமாறும் ‘ஏழு கறி’ சைவ விருந்து, கூடவே ‘ரசோன்’ என்று அவர்கள் சொல்லும் ரசம். இது சடங்கோடு ஒட்டியிருந்ததால் பெரிதாக மாறாமல் நின்றது. கயானாவிலும் இந்துக் குடும்ப பூஜைகளில் ஏழு கறி உண்டு. இலை மட்டும் குளத்து அல்லி இலை. இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டு பெருங்கடல்.

ஆக, இரண்டு வழியில் சாப்பாடு தங்குகிறது. தெருவில் விற்பது மாறிக்கொண்டே தங்குகிறது, கோயிலில் படைப்பது மாறாமல் தங்குகிறது. ‘எது அசல்?’ என்று கேட்பவர்கள் இரண்டாவதைத்தான் தேடுகிறார்கள். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

ரொட்டிக்குள் வைக்கும் வடையை வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. மொரீசியஸில் அதற்கு ‘காதோ பிமோ’ என்று பெயர். நம் மசால் வடையின் தம்பி.

ஒரு கப் மஞ்சள் பட்டாணிப் பருப்பை மூன்று நான்கு மணி நேரம் ஊறவையுங்கள், கடலைப்பருப்பும் ஆகும். தண்ணீரை நன்றாக வடித்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும், தண்ணீர் சேர்க்கவே கூடாது. வெங்காயத்தாள், பச்சை மிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை, சீரகம், உப்பு. சோம்பும் பூண்டும் வேண்டாம், போட்டால் அது நம்மூர் டீக்கடை வடையாகிவிடும். தட்டையாகத் தட்டாமல் பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, மிதமான தீயில் பொரிக்கவும். உருண்டை எண்ணெயில் உதிர்ந்தால் மாவில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். ஒரு கைப்பிடி மாவை மட்டும் நைசாக அரைத்துக் கலந்தால் பிடித்துக்கொள்ளும். நீள ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி, சூடான வடைகளை உள்ளே வைத்து லேசாக நசுக்கிச் சாப்பிட வேண்டும். காலைச் சாப்பாடு இது. ரீயூனியன் தீவில் இதையே வெள்ளை மொச்சை மாதிரிப் பயறில் செய்கிறார்கள்.

மொரீசியஸின் ‘தால் பூரி’ நம்ம பூரிபோலவா?

இல்லை. வேகவைத்துப் பொடித்த பருப்பை மாவுக்குள் வைத்துத் தேய்த்துக் கல்லில் சுடும் மெல்லிய ரொட்டி, போளியின் காரப் பங்காளி. பீகார்க்காரர்கள் கொண்டுபோனது. எப்போதும் ஜோடியாகத்தான் விற்பார்கள்.

மலேசியாவின் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், நாசி கண்டார் இந்தக் கணக்கில் வருமா?

வராது. அவை கூலிகளின் சாப்பாடாகத் தொடங்கவில்லை, வியாபாரிகளுடையது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிக் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி என்று சுமந்து விற்றதுதான் நாசி கண்டார். அதற்குத் தனியாக எழுதினால்தான் தீரும்.

இந்தச் சமையல் அங்கேயே நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. டச்சுக் காலனியாக இருந்த சூரிநாம் 1975இல் சுதந்திரம் பெற்ற காலத்தில் ஏராளமானோர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று ஹேக் நகரில் ரொட்டியும் கோழிக்கறியும் உருளையும் காராமணிக்காயும் வைத்துத் தரும் கடைகள் நிறைய. டச்சுக்காரர்கள் அதைச் சூரிநாம் சாப்பாடு என்கிறார்கள், பீகார் என்று யாரும் நினைப்பதில்லை. டொரன்டோவிலும் நியூயார்க்கிலும் டிரினிடாட், கயானா ரொட்டிக் கடைகள் உண்டு.

நம்மூருக்குத் திரும்பி வந்த சாப்பாடு ஏதாவது உண்டா?

உண்டு, சென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்: அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ். பர்மாவில் 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிட்டத்தட்ட வெறுங்கையோடு திரும்பினார்கள், அவர்களில் தமிழர் ஏராளம். பிழைப்புக்கு அவர்கள் பாரிமுனைப் பக்கம் போட்ட கடைகள்தான் 1969இல் பர்மா பஜார் ஆனது. வெளிநாட்டுச் சாமான் ஒரு பக்கம், சாயங்காலமானால் சாப்பாட்டு வண்டி ஒரு பக்கம்.

மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும் தடித்த நூடுல்ஸ், நீளமாக அரிந்த முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த கடலை மாவு, எலுமிச்சை. அடுப்பில் கிளறுவதில்லை, கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைந்துதான் தருவார்கள், அதுதான் முறை. மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். குடிக்க வாழைத்தண்டு சூப். பர்மாவில் அது மீன் போட்ட மொஹிங்கா. இங்கே பல வண்டிகளில் மீன் கழன்று சைவமாகிவிட்டது. அவித்த முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயத்தை அடைத்துத் தருவதையும் கேட்டு வாங்குங்கள். பூண்டும் புளியும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்று சொன்னால் வண்டிக்காரர் உங்களைப் புதிதாக வந்தவராக நினைக்க மாட்டார்.